காஸ்பர் கேட்ட திசை

கடலோரக் குப்பம் ஒன்றில் நல்ல தண்ணீர் தரும் கிணறு ஒன்றே ஒன்று. அதன் அருகே, செயற்கை நுண்ணறிவு இயந்திரங்களை அடுக்கிய பெரிய கட்டடம் எழுந்தது. இயந்திரங்களின் சூட்டைத் தணிக்கக் கிணற்று நீர் வேண்டும். பதிலுக்கு, புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று கணித்துப் படகுகளுக்கு வயர்லெஸ்ஸில் சொல்வதாகப் பேச்சு.

திறப்பு விழா அன்று மேலாளர் கிருபாகரன் ஊராரை உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார். பத்து வரிசை இயந்திரங்கள். புயல் பார்ப்பது முதல் வரிசை மட்டும். மற்ற ஒன்பதும் எங்கெங்கோ இருப்பவர்கள் கேட்கும் படங்களை வரைகின்றன, வாழ்த்துப்பா எழுதுகின்றன என்றார். "எங்க வீட்டுக்காரர ஒல்லியா வரைஞ்சு தருமா சார்?" என்று செரோனிமா கேட்க, அவள் கணவன் காஸ்பரே வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தான். மாடித் தொட்டியையும் காட்டினார். கிணறு நின்றுபோனாலும் அது பத்து வரிசைக்கும் ஒரு மணி நேரம் தாங்குமாம்.

ஊர் ஒரு நிபந்தனை வைத்தது. அளவுக்கு மீறி இறைத்தால் கடல் நிலத்தடியில் கிணற்றுக்குள் வரும். வந்த கடல் இந்தத் தலைமுறையில் திரும்பிப் போகாது. ஆகவே வால்வின் சாவி காஸ்பரின் அக்கா சலேத்தம்மாளிடம் இருக்கும். என்றைக்கு நாக்கில் உப்பு தட்டுகிறதோ, அன்றைக்கே அடைத்துவிடுவதாக அவள் மாதா சொரூபம் இருந்த கெபி முன்னால் சத்தியம் செய்தாள்.

கார்த்திகையில் ஒருநாள், பொழுது சாயும் நேரம். காற்று ஒரு மாதிரி அடித்தது. காஸ்பரும் மற்றவர்களும் ஆழ்கடலில். சலேத்தம்மாள் கிணற்று நீரை ஒரு கை அள்ளி வாயில் விட்டாள். துப்பினாள். மறுபடி அள்ளினாள். உப்பு.

கரையிலிருந்த வயர்லெஸ் பெட்டியில் காஸ்பரின் குரல்: "வடக்கேயா, தெற்கேயா? சொல்லுங்க."

கிருபாகரன் ஓடிவந்தார். நள்ளிரவுக்குள் கணக்கு முடிந்துவிடும், அதுவரை அடைக்காதீர்கள், அடைத்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் நின்றுவிடும் என்று கெஞ்சினார். சலேத்தம்மாள் வால்வை அடைக்காமல் சாவியை மடியில் செருகிக்கொண்டாள்.

இடுப்பில் கைக்குழந்தையோடு வந்த செரோனிமாவும் நீரை வாயில் விட்டுப் பார்த்தாள். பிறகு சாவிக்குக் கை நீட்டினாள்.

"ஏட்டி, கடல்ல கிடக்குறது உன் மாப்பிள்ள" என்றாள் சலேத்தம்மாள்.

"தெரியும் மைனி. வந்தா அவருக்குக் குடிக்கத் தண்ணி வேணும்லா."

செரோனிமா அவள் மடியிலிருந்து சாவியை எடுத்து, தானே வால்வை அடைத்தாள். ஒரு மணி நேரத்தில் பத்து வரிசையும் ஒன்றாக அணைந்தன. பெட்டியில் காஸ்பர் மறுபடி திசை கேட்டான்.

தம்பிக்காகச் சத்தியத்தை மீறியவள், கிணற்றுக்காகக் கணவனின் வழியை அடைத்தவள், படகுகளுக்காகத் தண்ணீர் கேட்டவர். இதில் யார் செய்தது சரி?

விடை: செரோனிமா. பத்து வரிசைக்கு ஒரு மணி நேரம் தாங்கும் நீர், ஒரு வரிசைக்குப் பத்து மணி நேரம் தாங்கும். வால்வை அடைத்த கையோடு மற்ற ஒன்பதையும் நிறுத்தியிருந்தால் கிணறும் பிழைத்திருக்கும், நள்ளிரவு தாண்டியும் புயல் கணக்கு ஓடியிருக்கும். இந்தத் தண்ணீர்க் கணக்கு கிருபாகரனுக்குத் தெரியும். படம் கேட்டவர்களைக் காக்கவைக்கத்தான் அவருக்கு உத்தரவு இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் படம் கேட்டவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. நீங்களாக இருக்கலாம், நானாகவும் இருக்கலாம். கேட்ட படம் உடனே வந்திருக்கும். காஸ்பர் கேட்டதுதான் வரவில்லை.