வந்தப்போ இருந்தபடியே

வாகைப்பொட்டல் பள்ளிக்கூடத்துச் சாரணர் படையில் மொத்தம் ஏழு பேர். ஏழு பேருக்கும் சேர்த்தாவது மூளை இருந்ததா என்று என்னிடம் கேட்காதீர்கள். கீழ்ப்படிதல் இருந்தது. அது ஊருக்கே பங்கு போடுகிற அளவுக்கு இருந்தது.

தினம் ஒரு நற்செயல் செய்யணும் என்று சார் சொன்ன நாளிலிருந்து, பிச்சைக்கனி தபாலாபீஸ் வாசல் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றி வந்தான். அடைமழையிலும் ஒரு கையில் குடை, ஒரு கையில் வாளி. "அதான் மழை பெய்யுதேலே?" என்று போஸ்ட்மேன் கேட்டார். "அது மழை செய்யுத நற்செயல், அண்ணாச்சி. இது என்னோடது" என்றான்.

சாரணர்கள் இடது கையால்தான் கை குலுக்குவார்கள். இவர்கள் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கும் இடது கையை வரிசையாக நீட்டி, பந்திக்கு முன்னாலேயே வெளியே தள்ளப்பட்டார்கள். அப்பவும் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டுத்தான் வந்தார்கள்.

இவர்களைக் கட்டி மேய்த்தவர் எஸ்தாக்கி சார். தங்கமான மனுஷன். மூணு வருஷமாக முகாம் சோதனையில் இந்தப் படை தோற்றுக்கொண்டே வந்தது. நாலாவது வருஷம் மாவட்டச் சாரண ஆணையரிடமிருந்து கடிதம் வந்தது: இந்தத் தடவையும் தோற்றால் படையைக் கலைத்துவிட்டு, எல்லோருடைய கழுத்துத் துணியையும் திருப்பி வாங்கிவிடுவோம்.

அணித்தலைவன் தளவாய் அதைக் கேட்டதும் கழுத்துத் துணியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். நீலத்தில் மஞ்சள் கரை போட்ட அந்தத் துணியை அவன் குளிக்கும்போதுகூடக் கழற்றியது கிடையாது. அது போனால் தான் வெறும் தளவாய்தானே என்று நினைத்து, பயல் அழுதேவிட்டான்.

"அழாதலே" என்றார் சார். "சனிக்கிழமை குளத்தங்கரை புளியந்தோப்புல ஒருநாள் முகாம். அஞ்சு மணிக்கு ஆணையர் வாராரு. அவர் பாக்கப்போறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, முடிச்சு. இன்னொண்ணு, இடம். நாம வந்தப்போ எப்படி இருந்துச்சோ, போகும்போதும் அப்படியே இருக்கணும். நாம வந்துபோன சுவடே தெரியக்கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்!" என்று ஏழு பேரும் கத்தினார்கள். சார் சந்தோஷப்பட்டார். பாவம்.

சனிக்கிழமை காலையில் தளவாய் முதலில் கிளம்பினான். வழி நெடுக அம்புக்குறி போட்டுக்கொண்டே போவான், மற்ற ஆறு பேரும் அதைப் பார்த்து வரவேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு மணி நேரம் கழித்து ஆறு பேரும் தோப்புக்கு வந்து சேர்ந்தார்கள்.

"அம்பு போட்டியாலே?" என்று கேட்டான் சொரிமுத்து. படையிலேயே எழுத்து அழகாக வருவது இவனுக்குத்தான்.

"எல்லா முக்குலயும் போட்டேன். போட்ட கையோட வேப்பங்குழையை ஒடிச்சுக் கூட்டி அழிச்சிட்டேன். சுவடு தெரியக்கூடாதுல்லா?"

"அதான பாத்தேன்! எந்த முக்குல வேப்பங்குழையால கூட்டியிருந்துச்சோ, அந்த முக்குல திரும்பினோம். நேரா இங்க கொண்டுவந்து விட்டிருச்சு."

உள்ளே நுழையும் முன்னால் தளவாய் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினான். "இடம் இப்போ எப்படி இருக்குன்னு எழுதிக்கிடுவோம். இல்லைன்னா போகும்போது எப்படித் தெரியும்?" நியாயமான பேச்சு. சொரிமுத்து நோட்டை எடுத்து எழுதினான்: 'உடைந்த பாட்டில் இரண்டு. ரப்பர் செருப்பு ஒன்று, இடது கால். முறுக்குப் பொட்டலக் கவர் ஒன்பது. கறுப்பு ஆடு ஒன்று. ஆட்டுப் புழுக்கை இருபத்து மூன்று. எஸ்தாக்கி சார் ஒன்று.'

ஏனென்றால் சார் மொபெட்டில் முன்னாடியே வந்து, புளியமரத்தில் சாய்ந்து, முகத்தில் பேப்பரைப் போட்டுக்கொண்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தார். சொரிமுத்து அதையும் விடாமல் எழுதினான்: 'கால்மேல் கால், இடது கால் மேலே. இடது கை தரையில்.'

முகாம் என்னவோ அமர்க்களமாக நடந்தது. தோப்பைக் கூட்டினார்கள், குப்பையைக் குழி தோண்டிப் புதைத்தார்கள், உப்புமாகூட அடிப்பிடிக்கவில்லை. நாலு மணிக்குத் தோப்பைப் பார்த்த சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஜெயிச்சிட்டோம்லே! நான் போயி ஆணையருக்கு ஒரு மாலை வாங்கிட்டு வந்திருதேன். அதுக்குள்ள மூட்டையைக் கட்டிட்டு, நான் சொன்ன மாதிரி இடத்தை வச்சிருங்க."

மொபெட் சத்தம் ஓய்ந்ததும் தளவாய் சொன்னான்: "நோட்டை எடுல."

குழியைத் தோண்டினார்கள். பாட்டில், செருப்பு, கவர் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பின. புழுக்கையில்தான் சிக்கல் வந்தது.

"பத்தொம்பதுதான் இருக்கு" என்றான் பிச்சைக்கனி.

"நாலு குறையுதே. ஆணையர் எண்ணிப் பாத்தா?" என்றான் தளவாய்.

"ஆடு இருக்குல்லா? கேப்போம்."

குளத்துப் பக்கம் போயிருந்த ஆட்டைப் பிடித்து வந்து, ஏழு பேரும் அதன் பின்னால் விறைப்பாக நின்றார்கள். கால் மணி நேரம் ஆடு யோசித்தது. அப்புறம் மொத்தமாகப் பதினொன்று போட்டது. கூடுதலாக வந்த ஏழை ஆளுக்கொன்றாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். கணக்குப் பிசகக்கூடாது பாருங்கள்.

சார் மாலையோடு வந்தார். தோப்பைப் பார்த்தார். "அட பாவிகளா!" என்று தலையில் கையை வைத்தார்.

"சார், நீங்க நிக்கீங்க" என்றான் தளவாய் கவலையோடு. "வந்தப்போ உக்காந்திருந்தீங்க. மணி அஞ்சாகப் போகுது சார்."

"அதுக்கு என்னலே? ஏய், விடுங்கலே! கயிறை எதுக்குலே எடுக்க?"

"நீங்க அசையுதீங்க சார். வந்தப்போ அசையல."

ஏழு பேர், ஏழு முடிச்சு. எல்லாம் சார் சொல்லிக்கொடுத்த முடிச்சுதான், ஒரு கையால் அவிழ்க்கவே முடியாது. இடது கையை மட்டும் நோட்டில் இருந்தபடி தரையில் விட்டார்கள். முகத்தில் பேப்பரையும் மறக்கவில்லை.

ஆணையரின் ஜீப் வந்தது. அவர் இறங்கி, குப்பையைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், மரத்தோடு கட்டியிருந்த மனுஷனைப் பார்த்தார். "என்னய்யா இது?" என்றார். தளவாய் நோட்டை நீட்டினான். கழுத்துத் துணியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுகூடக் குறையல சார்" என்றான்.

ஆணையர் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் சிவந்து, அப்படியே மரத்து வேரில் உட்கார்ந்துவிட்டார். அது கோபமா சிரிப்பா என்று பயல்களுக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு வேறு கவலை.

"ஆணையர் நோட்டுல இருக்காராலே?" என்று கிசுகிசுத்தான் தளவாய்.

சொரிமுத்து இரண்டு தடவை புரட்டிப் பார்த்தான். "இல்லையே."

ஏழு பேரும் ஒன்றாகக் குனிந்து ஆணையரைத் தூக்கினார்கள். பிள்ளையை எடுத்துப்போகிற மாதிரி பத்திரமாகத் தோப்பை விட்டு ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். "இறக்குங்கடா! பாஸ்! முடிச்சும் பாஸ், இடமும் பாஸ், எல்லாம் பாஸ்! கழுத்துத் துணியை நீங்களே வச்சுக்கோங்க, என்னை இறக்குங்கடா!" என்று அவர் கத்தினார். இறக்கினார்கள். கீழ்ப்படிதல். தளவாய் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

படை பாட்டுப் பாடிக்கொண்டு ஊருக்குக் கிளம்பியது. சொரிமுத்து மட்டும் தோப்புக்குத் திரும்பி ஓடினான். பேப்பருக்கு அடியில் காலடிச் சத்தம் கேட்ட சாருக்கு உயிர் வந்தது.

"சார், பாஸாயிட்டோம்!"

"ரொம்ப சந்தோஷம்ல, ராசா. வா, வந்து என்னை..."

"ஒரு நிமிஷம் சார்." சொரிமுத்து நோட்டைப் பார்த்தான், சாரின் காலைப் பார்த்தான். வலது கால் மேலே இருந்தது. மெதுவாக அதை எடுத்துக் கீழே வைத்து, இடது காலைத் தூக்கி மேலே போட்டான். "நல்லவேளை, ஆணையர் இதைக் கவனிக்கல" என்று பெருமூச்சு விட்டான்.

கட்டாமல் விட்டிருந்த அந்த இடது கையைக் கெஞ்சலாக அவன் பக்கம் நீட்டினார் சார்.

சொரிமுத்துவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன் இடது கையால் அதைப் பிடித்து நன்றாகக் குலுக்கி, பழையபடி தரையில் வைத்துவிட்டு, வந்த சுவட்டை வேப்பங்குழையால் கூட்டி அழித்துக்கொண்டே போய்விட்டான்.