மாடி தாண்டிய கிளிப்

ஒரு கடலோரத் தெருவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. மொட்டை மாடிகளுக்கு நடுவே இடுப்புயரச் சுவர் உண்டு. அதனால் ஒவ்வொரு மாடியும் தன்னை ஒரு தனி தேசம் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

ஆடி பிறந்தால் காற்றுக்குக் கொண்டாட்டம். கொடியில் காயும் துணிகளை அள்ளிக்கொண்டு போய்விடும்.

முதல் வீட்டுப் பூரணிக்கு வெளிநாட்டிலிருந்து அவள் அண்ணன் ஒரு நீல நிறத் துணி கிளிப் கொடுத்தனுப்பினான். நடுவில் சுருள் கம்பி வைத்தது. அன்று காற்று எவ்வளவு இழுத்தும் பூரணியின் துண்டு வரவில்லை.

"இந்தப் பிடியை யாருகிட்ட கத்துக்கிட்ட?" என்றது காற்று.

"இது எங்க ஊரு வித்தை. இங்க எவனுக்கும் வராது," என்றது கிளிப்.

கொஞ்ச நாளில் இரண்டாம் வீட்டு மாடித் துண்டும் காற்றுக்கு வர மறுத்தது. பிளந்த மூங்கில் துண்டு ஒன்று அதைக் கவ்விக்கொண்டிருந்தது.

"நீ யாருகிட்ட கத்துக்கிட்ட?"

"பக்கத்து மாடி நீலக்காரர்கிட்ட. சுவருக்கு மேல எட்டிப் பார்த்தேன்."

மூன்றாம் மாடியில் தென்னை மட்டை சொன்னது: "மூங்கில் அண்ணன்கிட்ட." கடைசி மாடியில் இரண்டு மரச்சில்லைச் சேர்த்துப் பிடித்திருந்த சைக்கிள் டியூப் துண்டு சொன்னது: "மட்டை அக்காகிட்ட."

காற்று திரும்பி வந்து கிளிப்பிடம் சொன்னது. "முதல் சுவரைத் தாண்டத்தான்யா நாளாச்சு. அப்புறம் உன் வித்தை என்னை விட வேகமா ஓடுது."

"எல்லாரும் திருடிட்டாங்க," என்று முனகியது கிளிப்.

"திருடுறவன் யாருகிட்ட எடுத்தான்னு பேரைச் சொல்லுவானா? நான் எத்தனை வேட்டி தூக்கியிருக்கேன், யாரு வீட்டுதுன்னு என்னைக்காவது சொன்னேனா?"

ஆவணியில் பூரணியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவனுக்குப் பதிலாக அவன் அனுப்பிய மஞ்சள் கவுன்தான் வந்திருந்தது. காதுகுத்துக்கு முதல் நாளே குழந்தை அதில் பாலைக் கொட்டிவிட, பூரணி அலசிக் கொடியில் போட்டாள்.

உப்புக் காற்றில் துருப்பிடித்திருந்த கிளிப்பின் சுருள் கம்பி பட்டென்று விட்டது. சுவரைத் தாண்டப் போன கவுனைப் பூரணி பாய்ந்து பிடித்தாள்.

"வைரம் அக்கா, உங்க கிளிப்பு மட்டும் எப்படி நிக்குது?" என்று கடைசி மாடிக்குக் குரல் கொடுத்தாள்.

"கம்பியைத் தூக்கிப் போடுடி. சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுத்து. உப்புக்கு அது அசையாது."

பூரணி அப்படியே செய்தாள். காற்று மறுபடி வந்தது. கவுனின் கையைப் பிடித்து இழுத்தது, காலரைப் பிடித்து இழுத்தது. கவுன் கொடியிலேயே ஆடிக் காய்ந்தது.

"இதை யாருகிட்ட கத்துக்கிட்ட?" பழக்கத்தில் கேட்டுவிட்டது காற்று.

கிளிப் சுவர்களுக்கு அப்பால் ஒரு பார்வை பார்த்தது.

"கடைசி மாடி டியூப்புத் தம்பிகிட்ட," என்றது. "நீ கடல் தாண்டிப் போறப்ப எங்க ஊருலயும் சொல்லிடு. அங்க இது யாருக்கும் தெரியாது."