கருப்பையா வீட்டு முறை

தொற்காள் சிஸ்டர் வீட்டு ஜெபக்கூட்டத்தில் அன்பைப் பற்றிப் பேசாத வாரம் கிடையாது. பேசிப் பேசியே தொண்டை கட்டிப்போன கூட்டம் அது. திருநெல்வேலிப் பக்கம், ராமநாதபுரம் பக்கம், தருமபுரிப் பக்கம் என்று எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்து மில் காலனியில் குடியேறியவர்கள். தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் கொஞ்சம் பேர், போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்தவர்கள் கொஞ்சம் பேர். கை கொடுப்பார்கள், தோத்திரம் சொல்வார்கள். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

சிஸ்டருக்கு நாற்பது வயது. அவரிடம் வேதம் படிக்க வரும் ஞானாபரணம் சாருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஆயுசு முழுக்க அடுத்தவரைத் திருத்தியே பழகிய மனிதர்.

ஒரு புதன்கிழமை, படித்துக்கொண்டிருந்த வேதாகமத்தைப் பட்டென்று மூடினார்.

“சிஸ்டர், எனக்கு அலுத்துப் போச்சு.”

“என்ன சார்?”

“அன்பு அன்புன்னு மாஞ்சு மாஞ்சு படிக்கிறோம். இந்தக் கூட்டத்துல அது எங்க இருக்கு? எல்லாம் வேஷம். ஒருத்தரையாவது காட்டுங்க, பாப்போம்.”

“ஞாயித்துக்கிழமை வாங்க சார்.”

“அன்னைக்கு யாரு தேவ செய்தி கொடுக்கிறா?”

“யாரு கொடுத்தா என்ன? அன்னைக்குச் சமைக்கிறது கருப்பையா வீட்டு முறை.”

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் துடைத்தார்.

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் சிஸ்டர் வீட்டிலேயே ஒன்றாகச் சாப்பிடுவது வழக்கம். வாரம் ஒரு வீட்டார் சமைத்துக் கொண்டுவர வேண்டும். லோடு வண்டி ஓட்டும் கருப்பையா கூட்டத்தில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அவர் வீட்டுக்கு இதுதான் முதல் முறை.

கருப்பையாவும் சாரும் சிநேகிதர்கள். அதில் பொய்யில்லை. தினமும் காலையில் டீக்கடை பெஞ்சில் ஒரே பேப்பரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் படிப்பார்கள். சாருக்குக் காய்ச்சல் என்றால் கருப்பையா வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வருவார். ஆனால் சார் கருப்பையாவின் வீட்டுக்கு வாசல் வரைக்கும்தான் போவார். தண்ணீர் நீட்டினால் “இப்பதான் குடிச்சேன்” என்பார். ஏன் என்று கருப்பையா கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? எந்த ஊர், அந்த ஊரில் எந்தத் தெரு என்று சார்தான் முதல் நாளே விசாரித்துத் தெரிந்துகொண்டாரே!

ஞாயிறு காலையும் வழக்கம்போல டீக்கடை. சார் உளுந்த வடையைச் சட்னியில் முக்கி எடுத்தபோது சட்டைப் பையில் சிந்திவிட்டது. கருப்பையா தன் துண்டை நனைத்துத் துடைத்துவிட்டார். வெள்ளைச் சட்டையில் பச்சையாக ஒரு கறை தங்கிவிட்டது.

“போயிட்டுப் போகுது, விடுப்பா,” என்றார் சார். இன்னொரு வடையும் சாப்பிட்டார்.

கூட்டம் தொடங்குமுன்பே கருப்பையாவின் மனைவி பேச்சி சோறும் கோழிக்குழம்புமாக அண்டாக்களை இறக்கி அடுப்படியில் வைத்துவிட்டாள். சிஸ்டரை ஓரமாக அழைத்தாள்.

“நான் இப்பவே சொல்லிப்புடுறேன் சிஸ்டர். இந்தச் சோறு அப்படியே வீட்டுக்குத் திரும்புச்சுன்னா, இந்த வாசல நாங்க மிதிக்க மாட்டோம். ஊர்லதான் அப்படின்னா இங்கயுமா?”

“சரி பேச்சி,” என்றார் சிஸ்டர்.

கூட்டம் முடிந்தது. ஆமென் சொன்ன வாய் மூடவில்லை, ஒரு அம்மா எழுந்தாள்.

“தோத்திரம் சிஸ்டர். எங்களுக்கு இன்னைக்கு உபவாசம்.”

“எங்க வீட்லயும்தான் சிஸ்டர்.”

“நானும் மகனுக்காகச் சாப்பிடுறதில்லன்னு ஒரு பொருத்தனை...”

அடேயப்பா! ஒரே நாளில் இத்தனை பேருக்குப் பக்தி பொங்கியதை அந்தக் காலனி அதுவரை பார்த்ததில்லை. முந்தின வாரம் வேறொரு வீட்டார் பிரியாணி கொண்டுவந்தபோது ஒருவருக்கும் உபவாசம் ஞாபகம் வரவில்லை. கடைசியாக ஞானாபரணம் சார் தொண்டையைச் செருமினார்.

“எனக்கும் உபவாசம்தான் சிஸ்டர்.”

சிஸ்டர் அவருடைய சட்டைப் பையைப் பார்த்தார். எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

“ரொம்ப சந்தோஷம். எப்ப முடிப்பீங்க?”

“சாயங்காலம் ஆறு மணிக்கு.”

“அப்ப ஆறு மணிக்கே சாப்பிடலாம். பேச்சி, மூடி வைம்மா. அதுவரைக்கும் எல்லாரும் உக்காந்து ஜெபம் பண்ணுவோம்.”

உட்கார்ந்தார்கள். வேறு வழி?

மதியம் திரும்பியதும் ஆள் கரைய ஆரம்பித்தது. ஒருவருக்குப் பிரஷர் மாத்திரை. ஒருவருக்கு ஊரிலிருந்து மைத்துனர் வருகிறார். ஒரு அம்மாவுக்கு வீட்டில் கேஸை மூடினோமா என்று திடீர்ச் சந்தேகம், காலையில் பூட்டிய வீட்டுக்கு! சிஸ்டர் யாரையும் தடுக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

ஆறு மணிக்கு மிஞ்சியது சார் மட்டும்தான். அன்பைக் காட்டச் சொல்லிக் கேட்டவர் எப்படி எழுந்து போவார்?

பேச்சி குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டு வந்தாள். கருப்பையா இலை போட்டார். சிஸ்டர் ஒரு இலையில் உட்கார்ந்து பக்கத்து இலையைக் காட்டினார்.

“வாங்க சார், மணி ஆச்சு.”

சார் நின்றுகொண்டே இருந்தார்.

“சிஸ்டர்... இன்னைக்கு ராத்திரியும் சேர்த்து இருந்துடலாம்னு பாக்குறேன்.”

“இருங்க. நாளைக்கு?”

“நாளைக்கும் முடிஞ்சா...”

“பரலோகத்துல பந்தி போடுறப்பவும் உபவாசம்தானா சார்? அங்க யாரு சமையல்னு விசாரிச்சுட்டு உக்கார முடியாதே!”

சாருக்கு முகம் சிவந்தது.

“என்ன பேச்சு சிஸ்டர் இது? எனக்கு அப்படி வித்தியாசமெல்லாம் கிடையாது. வீட்லதான்...”

“தடுக்கிறது உங்க சாதிதான் சார், வீட்டைச் சொல்லாதீங்க,” என்றார் சிஸ்டர்.

பேச்சி கரண்டியை அண்டாவுக்குள் போட்டாள்.

“போதும் சிஸ்டர். நான் எடுத்துட்டுக் கிளம்புறேன்.” அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “சார் என்னைக்காவது நம்ம வீட்டுக்குள்ள வருவாருன்னு தினமும் வீட்டைக் கூட்டிப் பெருக்கிட்டு உக்காந்திருப்பாரு, இந்தக் கூறுகெட்ட மனுஷன்! வாய்யா போவோம். இனி இங்க நமக்கு என்ன வேலை?”

அவள் அண்டாவின் விளிம்பைப் பிடித்தாள். கருப்பையா அவள் கையைப் பிடித்தார்.

“ஏய், சும்மா இரு. சாரைத் தப்பா நினைக்காத. சாருக்கு நிசமாவே உபவாசம்.”

“யாரு சொன்னா?”

“நான்தானே காலையில பக்கத்துல இருந்தேன்? ஒரு வாய் டீ கூடத் தொடல. சும்மா பேப்பர்தான் படிச்சாரு.”

சொல்லும்போது கருப்பையா சாரின் முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். அதிலும் அதே பச்சைக் கறை இருந்தது.

சாரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் அதை மூடிக்கொண்டது. அவர் கருப்பையாவைப் பார்த்தார்.

சிஸ்டர் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார்.

“காட்டுங்கன்னு கேட்டீங்களே சார், பாத்துட்டீங்களா?”

சார் ஆமென்று தலையை ஆட்டினார்.

“அப்ப கையைக் கழுவிட்டு வந்து உக்காருங்க. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடாதது நான்தான், எனக்குப் பசிக்குது.”