ராசாவின் நிழலை அளந்த கதை

முன்னொரு காலத்தில் செங்கானூர் நாட்டைக் கூத்தப்பெருமாள் என்றொரு ராசா ஆண்டான். ஆண்டான் என்றால், மக்கள் உழைத்தார்கள், அவன் உட்கார்ந்திருந்தான். ஒரு வருடம் அவனுக்குத் தன் பிறந்தநாளன்று ஏரியில் அன்னப்படகு விட ஆசை வந்தது. படகு மிதக்க ஏரி தளும்ப வேண்டும் அல்லவா? "மதகை அடை" என்றான். அடைத்தார்கள். ஏரிக்குக் கீழே இருந்த கீழ்மடை கிராமத்தில் நெல் சூல் கட்டி நின்றது. இன்னும் சில நாளில் தண்ணீர் வராவிட்டால் அத்தனையும் பதர். ஊர் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

ஊரார் மனு கொண்டு போனார்கள். மனுவோடு வருகிறவனை அடித்து விரட்டுவது முட்டாள் ஆட்சி. அவன் கையில் ஒரு வெட்டி வேலையைக் கொடுத்து அனுப்புவது கெட்டிக்கார ஆட்சி. செங்கானூரில் அந்தக் கெட்டிக்காரன் அரண்மனை அதிகாரி திருமேனிநாதன். ராசாவின் காதருகே தன் வாயைத் தவிர வேறு வாய் போனால் அவனுக்கு வயிறு எரியும்.

முதலில் வந்த நாட்டாமையிடம், "மதகைத் திறக்க அரண்மனைத் தூண்களுக்குச் சம்மதமா என்று கேட்டு வாரும்" என்றான். நாட்டாமை நல்ல மனிதர், பாவம். நூற்றெட்டுத் தூண்களிடமும் தலைப்பாகையைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"ஒரு தூணும் மறுக்கவில்லை ஐயா."

"ஆம் என்றும் சொல்லவில்லையே! போய் நாளைக்குக் கேளும்."

அடுத்து வந்தவரை, கொக்குக்கு மூக்குத்தி செய்யும் தட்டானைத் தேடி அழைத்து வரச் சொன்னான். அவர் மூன்று நாட்டு எல்லை கடந்து போய்விட்டார். அவையே வயிறு வலிக்கச் சிரித்தது. கீழ்மடையில் நெல் மஞ்சளித்தது.

மூன்றாவதாகப் போனவள் உலகம்மாள். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சி அவள். நேராக ராசா முன் போய் நின்றாள்.

"மகாராசா, பயிர் சாகுது. மதகைத் திறக்கணும்."

திருமேனிநாதன் குறுக்கே பாய்ந்தான். "திறக்கலாம் பெண்ணே! அதற்குமுன் நம் மகாராசாவின் நிழல் எவ்வளவு நீளம் என்று சரியாக அளந்து சொல். சொன்னால் அன்றைக்கே மதகு திறக்கும். என்ன மகாராசா?"

"திறக்கும், திறக்கும்! என் வாக்கு!" என்று ராசா தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"அளந்துடலாம்" என்றாள் உலகம்மாள். "நாளைக் காலையில வெயில் வந்ததும் மகாராசா முற்றத்துக்கு வரணும்."

அரண்மனையில் நேரம் பார்க்க நாழிகை வட்டில் உண்டு. வயலில் ஏது? நீர்பாய்ச்சிகள் வெயிலில் நின்று தங்கள் நிழலைக் காலடியால் அளந்துதான் மடை மாற்றுவார்கள். பத்தடி நிழல் வரை ஒருவர் முறை, ஆறடி வரை அடுத்தவர் முறை. திருமேனிநாதன் வாழ்நாளில் ஒருமுறை சேற்றில் கால் வைத்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

மறுநாள் ராசா வெண்கொற்றக்குடையோடு வந்தான்.

"குடையை எடுத்துடுங்க. இது குடையோட நிழல்."

எடுத்தார்கள்.

"கிரீடம்? அது ஒரு முழம் கூட்டுதே."

கழற்றினார்கள். உள்ளே வழுக்கை பளபளத்தது. யாரும் சிரிக்கவில்லை. சம்பளம் வாங்குகிறவர்கள்.

"செருப்பு?"

அதுவும் போனது. உலகம்மாள் நிழலின் தலை விழுந்த இடத்தில் குச்சி நட்டாள். ராசாவின் பாத அளவுக்கு ஓலை நறுக்கி அளந்தாள். "பதினாலு அடி."

திருமேனிநாதன் எழுத்தாணியைத் தேடி எடுப்பதற்குள் நிழல் குச்சியை விட்டு நகர்ந்துவிட்டது.

"பதிமூணே முக்கால்" என்றாள்.

"அதெப்படி? என் நிழல் ஏன் குறைகிறது?" ராசா பதறினான்.

"ஓடுது மகாராசா. அதிகாரி ஐயா தலைப்பக்கத்தைக் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டா நல்லது."

"பிடியும் ஐயா! என்ன வேடிக்கை பார்க்கிறீர்?" என்று ராசா கத்தினான்.

பட்டுச் சால்வையோடு திருமேனிநாதன் மண்டியிட்டு இரண்டு கையாலும் தரையை அமுக்கினான். நிழல் கைக்கடியில் நழுவியது. தவழ்ந்து துரத்தினான். "இந்தப் பக்கம்! அந்தப் பக்கம்! விட்டுவிட்டீரே!" என்று ராசா திட்டிக்கொண்டே இருந்தான்.

வெயில் ஏறியது. "போதும், உள்ளே போகிறேன்" என்றான் ராசா.

"போகலாம். ஆனா முழு அளவு வேணும்னா காலை, உச்சி, மாலை மூணும் வேணும். பாதியில விட்டா, செங்கானூர் ராசாவோட நிழல் குட்டைன்னு பக்கத்து நாட்டான் சொல்லுவான்."

ராசா நின்றான். நெஞ்சை நிமிர்த்தி நின்றான். உச்சிப்பொழுதில் நிழல் காலடிக்குள் சுருண்டது. திருமேனிநாதன் ராசாவின் கால் விரல்களை அமுக்கியபடி, முதுகு வெந்து, கை கொப்புளித்துக் கிடந்தான்.

"அரையடி" என்றாள் உலகம்மாள். "எங்க ஊர்ல மாடு மேய்க்கிற சடையனுக்கும் இந்த நேரத்துக்கு அரையடிதான்."

ராசாவுக்குக் கோபப்படத் தெம்பில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. "தண்ணீர்..." என்றான்.

"மாலை நிழலுக்கு இன்னும் அரை நாள் இருக்கு மகாராசா. அசையக் கூடாது."

"செத்துவிடுவேன் அம்மா!"

"நீங்க காலையிலேருந்துதான் நிக்கிறீங்க. எங்க நெல்லு பதினேழு நாளா இதே வெயில்ல நிக்குது. அதுக்கு உங்களை மாதிரி கத்தத் தெரியலை."

ராசா காலடியில் கிடந்த அதிகாரியைப் பார்த்தான். "இந்த அளவை யாரய்யா கேட்டது?"

"தாங்கள்தான் வாக்கு..."

"கேட்டது நீர்! மீதி நிழலுக்கு நீரே இங்கே நில்லும். பெண்ணே, அளந்தது போதும், சரியான அளவுதான். மதகைத் திறக்கச் சொல்கிறேன். முதலில் எனக்கு ஒரு சொம்பு கொண்டு வாருங்கள்!"

குடித்து முடித்ததும் ராசாவுக்குத் தாராளம் வந்துவிட்டது. முத்துமாலையைக் கழற்றி நீட்டினான்.

"மாலை வேணாம்" என்றாள் உலகம்மாள். "மதகைத் திறக்கிறதும் அடைக்கிறதும் இனி கீழ்மடையார் பொறுப்புன்னு ஓலையில எழுதி முத்திரை போட்டுக் குடுங்க."

"என் வாக்கு போதாதா?"

"இப்ப தாகம் தீர்ந்துடுச்சே மகாராசா."

ராசா சிரித்துவிட்டு முத்திரையைப் போட்டான்.

ராசா அன்றோடு நல்லவனாகிவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த வாரமே அவனுக்கு யானைக்குச் சதங்கை கட்டி ஆடவிட ஆசை வந்தது. அது அவன் பாடு, யானையின் பாடு. கீழ்மடையில் நெல் பால் பிடித்து, முற்றி, வீட்டுக்கு வீடு உலையில் ஏறியது. உலகம்மாள் அந்த ஓலையைக் கூரை எரவாணத்தில் செருகி வைத்துவிட்டுத் தன் முறைத் தண்ணீரைப் பார்க்கப் போனாள்.