மூக்கறுந்த விதைகள்

“இந்த வருஷம் ஒரு விதைகூட மூக்கோட உள்ளே போகலைடி!”

புதரடியில் அடைகாத்துக்கொண்டிருந்த காடையின் காதில் இது விழுந்தது. இரண்டு எறும்புகள் பேசிக்கொண்டே அதைக் கடந்து போயின. காடைக்குச் சிரிப்பு வந்தது. விதைக்கு ஏது மூக்கு? வேலைக் களைப்பில் ஏதோ உளறுகின்றன என்று நினைத்து, முட்டைகளைப் புரட்டிவிட்டுத் தூங்கிப்போனது.

அந்த இலந்தைக் காட்டில் முன்பெல்லாம் ஆடியில் மழை தொடங்கும். ஐப்பசி வரை விட்டுவிட்டுப் பெய்யும். விலங்குகள் குளக்கரையில் விதைத்து, விளைந்ததைப் பகிர்ந்து சாப்பிட்டன. மூன்று வருடங்களாக மழைக்கு மாதமும் தெரியவில்லை, அளவும் தெரியவில்லை. ஒரு வருடம் வரவே இல்லை. அடுத்த வருடம் ஒரே நாளில் கொட்டி, முளைத்ததை எல்லாம் அடித்துக்கொண்டு போனது.

அதனால் எல்லா விலங்குகளும் கூடி ஒரு பொது விதைவீடு அமைத்தன. முயல் தன் பழைய வளையைக் கொடுத்தது. மழை பொய்த்தால் வரகு. நீர் தேங்கினால் குதிரைவாலி. மழை தாமதமாக வந்தால் எழுபதே நாளில் விளையும் பனிவரகு. ஒவ்வொன்றையும் எங்கெங்கோ தேடிக் கொண்டுவந்து சேர்த்தன.

“யார் பார்த்துக்கிறது?” என்றது காட்டுப்பன்றி.

“சேமிக்கிறதுல எங்களைவிட யாரு?” என்று எறும்புத் தலைவி முன்னால் வந்தது. காட்டில் எல்லோரும் அதை வரிசையம்மா என்று கூப்பிடுவார்கள். ஓர் எறும்பு அரை அடி விலகி நடந்தாலும் அதற்குத் தூக்கம் வராது.

“ஆனா ஒரு நிபந்தனை. காடை உள்ளே வரக் கூடாது. எங்க சொந்தக்காரங்க எத்தனை பேர் அது வயித்துக்குள்ள இருக்காங்க தெரியுமா?”

காடை தலையைக் குனிந்துகொண்டது. அது உண்மைதான்.

இந்த வருடம் ஆடி போனது, ஆவணி போனது, புரட்டாசியும் போனது. ஐப்பசி நடுவில்தான் மழை வந்தது. அதுவும் மூன்றே நாள். காட்டுப்பன்றி மூக்கால் கரை முழுவதையும் கிளறிப் போட்டது.

“பனிவரகை எடுத்து வாங்க! இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஈரம் காஞ்சிடும்!”

காடை முந்தின நாள்தான் எட்டுக் குஞ்சு பொரித்திருந்தது. இந்த விதைப்பு தவறினால், அடுத்த மழை வரை யார் வீட்டிலும் அடுப்பு எரியாது என்று சொல்வோமே, அந்த நிலைதான்.

எறும்புகள் விதைகளைச் சுமந்து வரிசையாக வந்தன. தூசி இல்லை, பூச்சி இல்லை. முத்து முத்தாக மின்னின. “அடடா!” என்றது முயல். வரிசையம்மா நிமிர்ந்து நின்றது.

காடை ஒரு விதையை அலகில் எடுத்தது. உருட்டிப் பார்த்தது. கூரான நுனியைக் காணோம். இன்னொன்றை எடுத்தது. அதற்கும் இல்லை. அன்று எறும்புகள் மூக்கு என்று பேசிப்போனது எதை என்று அப்போதுதான் அதற்குப் புரிந்தது.

“நிறுத்துங்க! விதைக்காதீங்க!” என்று கத்தியது. “மூக்கைக் கடிச்சு வெச்சிருக்காங்க!”

“ஆமா, கடிச்சோம்” என்றது வரிசையம்மா, கொஞ்சமும் அசராமல். “காலங்காலமா அப்படித்தான். கடிக்காம விட்டா ஈரம் பட்டதும் முளைச்சுத் தொலைக்குமே!”



“முளைக்கத்தானே அம்மா வெச்சிருந்தோம்!” என்றது முயல்.

“மூக்கு இல்லாட்டி என்ன? உடம்பு இவ்வளவு பெரிசா இருக்கே!”

“முளை அங்கேதான் இருக்கு” என்றது காடை. “மத்ததெல்லாம் அதுக்குக் கட்டிக் கொடுத்த சோறு.”

பன்றி பொத்தென்று சேற்றில் உட்கார்ந்தது. “போச்சு! விதைவீடுன்னு சொல்லி சாப்பாட்டுக் கடை நடத்தியிருக்கோம்!”

அப்போது வரிசையின் கடைசியிலிருந்து ஓர் எறும்பு விம்மிக்கொண்டே வந்தது. காட்டிலேயே பெரிய தூங்குமூஞ்சி அது.

“அம்மா, என்னை அடிக்காதீங்க! எனக்குன்னு ஒதுக்கின ரெண்டு கூடை விதையை நான் கடிக்கவே இல்லை. தூங்கிட்டேன். நீங்க கேட்டா மாட்டிப்பேன்னு எல்லாக் குவியல்லேயும் கலந்து விட்டுட்டேன்!”

“அடி என் ராசாத்தி!” என்று பன்றி துள்ளி எழுந்தது. ஏன் திட்டு விழவில்லை என்று புரியாமல் தூங்குமூஞ்சி அழுகையை நிறுத்தியது.

“அப்படின்னா பொறுக்கிடலாம்” என்றது வரிசையம்மா. உள்ளே போய் ஒரு முழு விதையோடு வந்தது. “இதோ பாருங்க, மூக்கோட...”

நறுக்!

“ஐயையோ! மூக்கைப் பார்த்தா பல்லு தானா போகுதே!”

முயலுக்கு இந்த வேலைக்குக் கண் போதாது. பன்றி உள்ளேயே நுழைய முடியாது. எல்லோரும் காடையைப் பார்த்தார்கள். வரிசையம்மாவும் பார்த்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சேற்றின் மேல்புறம் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

“வழி விடுங்க” என்று வரிசையம்மா தன் எறும்புகளிடம் சொன்னது. தானே முதலில் ஒதுங்கி நின்றது.

காடை வளைக்குள் போனது. காலைச் சுற்றிலும் எறும்புகள். அது காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. ஒவ்வொரு விதையாக உருட்டி, நல்லதை வெளியே தள்ளியது. அவசரத்தில் ஓர் எறும்பு அதன் அலகின் மேலேயே ஏறிவிட்டது. வாசலில் நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

காடை அதை மெல்லத் தரையில் இறக்கிவிட்டது. “வேலை நேரத்துல விளையாடாதே!”

உச்சிப் பொழுதுக்குள் இரண்டு கூடை நல்ல விதை சேர்ந்தது. ஈரம் காய்வதற்குள் விதைத்து முடித்தார்கள். ஐந்தாம் நாள் குளக்கரை ஊசி ஊசியாகப் பச்சை பிடித்தது. மூக்கறுந்த விதைகளை எல்லோரும் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள். காடைக் குஞ்சுகளுக்கு அது மிகவும் பிடித்துப் போனது.

பச்சை பிடித்த அன்று மாலை வரிசையம்மா தனியாக விதைவீட்டு வாசலுக்குப் போய், நிலைப்படி மண்ணில் தன் பல்லாலேயே இப்படிச் செதுக்கி வைத்தது: “சோற்றைக் கெடாமல் காத்தால் போதும், விதையை உயிரோடு காக்க வேண்டும்.”