பல்லக்கு எரிந்து வெந்த பொங்கல்

முன்னொரு காலத்தில், மூன்று வருஷமாக மழை எட்டிப் பார்க்காத ஒரு நாட்டில், ராஜாவுக்கு மட்டும் ஆசைகள் வற்றவே இல்லை. பல்லக்கில் மலைக்கோயிலுக்குப் போய்ப் மறுநாள் பொங்கல் படைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

"பல்லக்குத் தூக்கிகளுக்கு அரிசியை நிறுத்தி இருபது நாளாகிறது, மன்னா. அப்படியும் தூக்குகிறார்கள்! இனி அவர்களுக்கு அரிசி எதற்கு?" என்றார் மந்திரி விருத்தகிரி. ராஜாவுக்கு ஒரே பூரிப்பு.

அரசவை விகடன் தாண்டவனுக்கு வயிறு எரிந்தது. தூக்கிகளில் மூத்தவன் பெரியாண்டியின் தொடை எலும்பும் தோலுமாய்ச் சுருங்கியிருந்ததை அன்று காலைதான் பார்த்திருந்தான்.

"விறகில்லாமல் அடுப்பு எரியுமா, மன்னா?" என்று கேட்டான்.

தாண்டவனைக் கண்டாலே ஆகாத விருத்தகிரி பிடித்துக்கொண்டார். "எரித்துக் காட்டட்டுமே! நாளைப் பொங்கலை இவனே வைக்கட்டும். விறகுக் கொட்டிலைத் தொடக்கூடாது. வெளியிலிருந்து ஒரு சுள்ளியும் அரண்மனைக்குள் வரக்கூடாது. தவறினால் நாடு கடத்துங்கள்."

ராஜா தலையாட்டினார். தாண்டவனும் "ஆகட்டும்" என்றான்.

மறுநாள் காலையில் பொங்கல் பொங்கி வழிந்தது. பட்டுடுத்தி வந்த ராஜா பார்த்தால், பல்லக்கைக் காணோம். மெத்தை மட்டும் தரையில் கிடந்தது.

"எங்கே என் பல்லக்கு?"

"பானைக்கு அடியில், மன்னா. வெளியிலிருந்து சுள்ளி வரவில்லை. முதலில் சேர்த்து வைத்திருந்த விளக்கெண்ணெயை எரித்தேன். அது தீர்ந்ததும் உள்ளே இருந்த மரத்தில் கை வைத்தேன்."

"ராஜத் துரோகம்!" என்று குதித்தார் மந்திரி.

"அப்படியானால் பெரியாண்டியின் உடம்பையும் சிறையில் போடுங்கள். அதுவும் இதையேதான் செய்தது. சோறு வரவில்லை; சேர்த்து வைத்த கொழுப்பை எரித்தது. அதுவும் தீர்ந்துபோக, பருப்பும் பாலும் கட்டிய தசையைக் கரைத்து அடுப்பில் போட்டது. இருபது நாளாக உங்களைச் சுமந்தது அவன் தொடைச் சதை, மன்னா! இன்னும் கொஞ்ச நாளில் நெஞ்சுத் தசையிலும் கை வைக்கும். அப்புறம் அவனும் இருக்க மாட்டான்."

இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தசையைக் கட்டும் சத்தைப் புரதம் என்று சொல்கிறார்களே, பட்டினியில் அது எரிவதைத்தான் தாண்டவன் பல்லக்கை எரித்துச் சொன்னான்.

பல்லக்குத் தூக்க மற்றவர்களோடு வந்து நின்ற பெரியாண்டியின் காலைப் பார்த்த ராஜாவின் முகம் சுண்டிப் போனது. பிறகு அடுப்பை எட்டிப் பார்த்தார். தங்கப்பூண் போட்ட தண்டு ஒன்று புகைந்துகொண்டிருந்தது. அவருக்குச் சிரிப்புப் பீறிட்டு வந்தது.

"களஞ்சியத்தைத் திறங்கள்! முதலில் இவர்கள் சாப்பிடட்டும். சாமிக்கு வேறு பானை வையுங்கள். நான் நடந்தே வருகிறேன். பானையை விருத்தகிரி சுமப்பார். தாண்டவா, மிஞ்சிய பட்டுமெத்தை உனக்குப் பரிசு!"

தாண்டவன் மெத்தையை விரித்துப் பெரியாண்டியை அதில் உட்கார வைத்தான். பொங்கலை ஒரு வாய் விழுங்கிவிட்டுப் பெரியாண்டி மெத்தையைத் தடவிப் பார்த்தான்.

"இத்தன வருசம் தூக்கியிருக்கேன் சாமி, இம்புட்டு மெத்துன்னு இருக்கும்னு இப்பத்தான் தெரியுது!"