விடியுமுன் ஊட்டும் கை

நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஆவுடையப்பன், ஆற்றங்கரை மடத்தில் வடிவம்மையாரிடம் சீடராகச் சேர்ந்திருந்தார். அம்மையாரைவிட வயதில் மிக மூத்தவர். சர்க்கரை நோயாளி. இடக்காலின் பெருவிரலில் ஒரு புண் ஆறாமலே நின்றது. காலைச் சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க நேரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

அதுவோ இறங்குவதாக இல்லை. படுக்கும்போது சர்க்கரை அளக்கும் கருவி நூற்றிருபது காட்டும். எழுந்து குத்திப் பார்த்தால் இருநூறு. இடையில் ஒரு பருக்கைகூட உள்ளே போனதில்லை. இராச்சாப்பாட்டை அடியோடு நிறுத்தினார். மறுநாள் இன்னும் கூடியிருந்தது.

தாம் உறங்கும்போது யாரோ தமக்கு ஊட்டுகிறார்கள் என்ற எண்ணம் அவருக்குள் புகுந்தது. புகுந்தது வெளியேறவில்லை.

மடத்தில் விடியுமுன் சர்க்கரைப் பொங்கல் படைப்பது வழக்கம். அதைச் சமைப்பவள் பிச்சம்மாள். மடைப்பள்ளி வாசலில் அவளை நிறுத்திக் கேட்டார்.

“உண்மையைச் சொல். நான் தூங்கும்போது என் வாயில் பொங்கலை வைக்கிறாயா?”

பிச்சம்மாள் அகப்பையைக் கீழே வைக்கவில்லை.

“நான் பெத்த பிள்ளைக்கே ரெண்டு வயசுக்கு மேல ஊட்டினதில்ல, கோர்ட்டு ஐயா. மீசை நரைச்ச உமக்கு ஊட்டவா?”

அவளை அனுப்பிவிடுமாறு அம்மையாரிடம் முறையிட்டார். அம்மையார் அவளை அனுப்பவில்லை.

அன்றிரவு அறைக்கதவை உள்ளே தாழிட்டார். சம்புடத்தைக் கவிழ்த்துக் கட்டிலைச் சுற்றித் திருநீற்றைப் பரப்பினார். வருபவர் யாராயினும் காலடி அதில் விழுந்தே தீர வேண்டும்.

விழித்தபோது தாழ் போட்டபடியே இருந்தது. திருநீற்றில் எறும்பு ஊர்ந்த தடம்கூட இல்லை. கருவி இருநூற்றுப் பத்து காட்டியது. நாவில் இனிப்பதுபோல் இருந்தது. உதட்டைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். விரலில் எதுவும் ஒட்டவில்லை.

நொண்டியபடியே அம்மையாரிடம் போனார்.

“மனிதர் என்று நினைத்திருந்தேன், தாயே. இது மனிதர் அல்ல.”

“நேற்று பிச்சம்மாள் என்றீர்.”

“தாழுக்கு அடங்காததை எப்படி வெளியேற்றுவது? என் விரல் போய்விடும்.”

“இன்றிரவு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும். நான் காவல் இருக்கிறேன்.”

அம்மையார் விளக்கோடு அமர்ந்தார். நடுச்சாமத்தில் அவரை எழுப்பிக் கைவிரலைக் குத்தினார். நூற்றுப் பதினெட்டு. உறங்குமாறு சைகை காட்டினார்.

மறுபடியும் ஊசி சுருக்கென்றபோது ஆவுடையப்பன் கண் திறந்தார். சன்னல் இன்னும் கறுத்தே இருந்தது. காகம் கரையத் தொடங்கவில்லை. அம்மையாரின் விரல் அவர் மணிக்கட்டின்மேல் இருந்தது. கருவியில் இருநூறு.

“யார் வந்தது?”

“வாசல் வழியாக ஒருவரும் வரவில்லை.”

“நீங்கள் எதையுமே பார்க்கவில்லையா?”

“பார்த்தேன்.”

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“நீர் அயர்ந்து கிடந்தீர். உம் நாடி மட்டும் உமக்கு முன்பே விழித்துக்கொண்டது. உள்ளே ஒருவர் எழுந்துவிட்டார். நீர் விழித்தெழ வலு வேண்டுமென்று ஈரலில் சேர்த்து வைத்த களஞ்சியத்தைத் திறந்து, இரத்தத்தில் சர்க்கரையை வாரி வாரி இறைத்துக்கொண்டிருந்தார்.”

ஆவுடையப்பன் வலப்பக்க விலாவுக்குக் கீழே கையை வைத்தார். சுட்டதுபோல உடனே எடுத்துக்கொண்டார்.

“எவ்வளவு காலமாக?”

“நீர் பிறந்த காலந்தொட்டு. எனக்குள்ளும் இருக்கிறார். அவர் இறைப்பதை என் உடம்பு அள்ளிக்கொள்கிறது. உம் உடம்பால் முடியவில்லை. நீர் பட்டினி கிடந்தபோது, பயந்துபோய் இன்னும் அகலத் திறந்தார்.”

“என் விரல்?”

“இரவில் பார்த்த அளவையும் விடியுமுன் பார்த்த அளவையும் மருத்துவரிடம் சொல்லும். எந்த மருந்து, எந்த வேளைக்கு என்று அவர் மாற்றித் தருவார். அவரைக் கேளாமல் இனிப் பட்டினி கிடக்காதீர்.”

ஆவுடையப்பன் தலையசைத்தார். பிறகு, உள்ளிருப்பவர் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோலத் தணிந்த குரலில் கேட்டார்.

“மருந்து கொடுத்து அவரை ஒரேயடியாக விரட்டிவிட முடியாதா, தாயே?”

அம்மையார் விளக்கைத் தணித்தார்.

“விரட்டிவிட்டால், நாளை உம்மை எழுப்புவது யார்?”